வன்னியில் நீர்த்தேக்கம் திட்டமிடுகிறீர்களா? பெருவெள்ளத்தைக் கணிக்கும் முழு வழி

1897 டிசம்பர் நடுப்பகுதியில் நெடுங்கேணியில் ஒரே நாளில் 31 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. இன்றைய அளவில் ஏறத்தாழ 800 மில்லிமீற்றர். இலங்கையின் ஒருநாள் மழைப் பதிவுகளில் உச்சம் என்று வழமையாகச் சொல்லப்படுவது இதுதான். ஆண்டு முழுக்க நனையும் மலைநாட்டில் பதிவான அளவு இல்லை இது. பாலையும் முதிரையும் நிற்கிற எங்கள் வரண்ட காட்டுக்குள் பதிவானது.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கை வையுங்கள். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்கு மழைநீர் வந்துசேரும் நிலம், அதாவது அதன் நீரேந்துப் பரப்பு, சுமார் 588 சதுர கிலோமீற்றர்; அண்மைய புனரமைப்புக்கு முந்திய கொள்ளளவு ஏறத்தாழ 131 மில்லியன் கனமீற்றர். ஒன்றை மற்றதால் வகுத்தால் 223 மில்லிமீற்றர் வரும். நீரேந்துப் பரப்பு முழுவதிலுமிருந்து 223 மில்லிமீற்றர் ஓடிவந்தால் வெறுங்குளம்கூட நிரம்பிவிடும். மார்கழியில் குளம் வெறுமையாக இருக்காது.

குளத்தை உயர்த்தவோ, புதிய நீர்த்தேக்கம் கட்டவோ, கட்டின் அடியில் சிறு மின்நிலையம் வைக்கவோ திட்டமிடும் இளம் பொறியியலாளர்களுக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும் இதை எழுதுகிறேன். கமக்காரர் அமைப்புகளில் இருந்து திட்ட அறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்க விரும்புவோருக்கும் இது உதவும்.

மின்சாரம் ஏன் வெள்ளக் கணக்கை மாற்றுகிறது

மலைநாட்டிலுள்ள விக்டோரியா அணையின் உயரம் 122 மீற்றர். எங்கள் நிலத்தில் பத்து மீற்றர் வீழ்ச்சி கிடைத்தாலே பெரிது. விநாடிக்கு 20 கனமீற்றர் நீரைப் பத்து மீற்றர் வீழ்ச்சியில், 80 வீதத் திறனில் ஓடவிட்டால் ஏறத்தாழ 1.6 மெகாவாற் வரும். அருவியாற்றின், அதாவது மல்வத்து ஓயாவின், கீழ்ப்பகுதி போன்ற இடங்களில் இந்த அளவிலான மின்நிலையங்களைத்தான் யோசிக்க முடியும்.

வீழ்ச்சி குறைவு என்பதால் மின்நிலையம் நடத்துவோர் நீர்மட்டத்தில் ஒவ்வொரு அடியையும் விட்டுக்கொடுக்கத் தயங்குவார்கள். 100 மீற்றர் வீழ்ச்சியில் ஒரு மீற்றர் குறைந்தால் நூற்றில் ஒரு பங்குதான் போகும். பத்து மீற்றரில் பத்தில் ஒன்று போய்விடும். ஆகவே கார்த்திகை, மார்கழியில் குளத்தை நிரப்பியே வைத்திருக்கும் அழுத்தம் இயல்பாகவே வரும். பெருமழை வருவதும் அதே மாதங்களில்தான். “வெள்ளம் வரும்போது குளத்தில் கொஞ்சம் இடம் இருக்கும்” என்று எந்தக் கணக்கிலும் எழுதாதீர்கள்.

முதற்படி: கட்டு உடைந்தால் யார் இருக்கிறார்கள்?

எந்த அளவு வெள்ளத்துக்குக் கட்டுவது என்பதைக் குளத்தின் கொள்ளளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. கட்டின் கீழே வயல் மட்டும் இருந்தால் ஒரு தரம், பள்ளிக்கூடமும் குடிமனையும் இருந்தால் வேறு தரம். வயல் மட்டும் உள்ள சிறு குளங்களுக்கு 50 அல்லது 100 ஆண்டு வெள்ளத்தை எடுப்பது வழக்கம். கீழே ஊர் இருந்தால் 1,000 ஆண்டு, 10,000 ஆண்டு என்று ஏறி, உயிர்ச்சேதம் பெருமளவில் நேரக்கூடிய அணைகளுக்கு அதிகபட்ச சாத்திய வெள்ளம், அதாவது அந்த இடத்தில் வரக்கூடிய ஆகப்பெரிய வெள்ளம், வரை போக வேண்டும்.

“100 ஆண்டு வெள்ளம்” என்ற சொல்லால் பலர் ஏமாறுகிறார்கள். நூறு ஆண்டுக்கு ஒருமுறை தவணை வைத்து வருவதாக எண்ணிக்கொள்கிறார்கள். எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதே அதன் பொருள். 50 ஆண்டு நிற்கப்போகிற கட்டு அதைச் சந்திக்கும் வாய்ப்பு 39 வீதத்துக்கு மேல். 1,000 ஆண்டு வெள்ளத்தை ஒரு கட்டு நூறு ஆண்டுக்குள் சந்திக்கும் வாய்ப்பு 9.5 வீதம். 10,000 ஆண்டு வெள்ளமென்றால் சுமார் ஒரு வீதம். ஊர்க்கூட்டத்தில் இந்த வீதங்களைச் சொல்லுங்கள். “100 ஆண்டு” என்பது போன்ற மீள்வருகைக் காலத்தைவிடச் சனத்துக்கு இது விளங்கும்.

இரண்டாம் படி: நீரேந்துப் பரப்பைக் கால்நடையாகப் பாருங்கள்

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்திலோ செய்மதி உயரத் தரவிலோ எல்லையை வரைந்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. வன்னி தட்டை நிலம். செய்மதி உயரத் தரவு அடர்ந்த காட்டில் மரங்களின் மேற்பரப்பை நிலமாகக் காட்டிவிடும். ஓரிரு மீற்றர் பிழையில் ஒரு முழு ஓடை பக்கத்து ஆற்றுக்குப் போய்விடும். ஏ9 வீதியும் ரயில் பாதையும் சில இடங்களில் குறுக்குக் கட்டுப் போலத் தண்ணீரை மறிக்கின்றன. சாதாரண மழையில் பாலத்துக்குள்ளால் போகும் நீர், பெருமழையில் வீதியைத் தாண்டி வேறு பக்கம் இறங்கும். மாரியில் ஒருமுறை நேரில் போய், நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமானது குளத்தொடர். எங்கள் ஓடைகளில் ஒரு குளம் நிரம்பி வான் (மிகுதி நீர் வழிந்தோடும் வழி) பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கு. சாதாரண ஆண்டில் இந்தத் தொடர் வெள்ளத்தைத் தாமதப்படுத்தி எங்களைக் காக்கிறது. பெருமழையில் மேலேயுள்ள சிறு குளம் உடைந்தால் அதன் தண்ணீர் அடுத்த குளத்தையும் உடைக்கும். 1957 டிசம்பரில் வரண்ட வலயமெங்கும் குளங்கள் உடைத்துக்கொண்டது இன்றும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது.

எவ்வளவு வரும் என்று கணக்குப் போடலாம். மண்கட்டு உடைப்புக்கு ஃப்ரோலிக் தந்த சமன்பாடு இது: உச்சப் பாய்ச்சல் = 0.607 × கொள்ளளவின் 0.295 அடுக்கு × நீராழத்தின் 1.24 அடுக்கு. பத்து இலட்சம் கனமீற்றர் கொண்ட, நான்கு மீற்றர் ஆழமான சாதாரண ஊர்க்குளத்தைப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு ஏறத்தாழ 200 கனமீற்றர் வரும். ஓர் ஊர்க்குளம்! மேலே அப்படி ஏழெட்டுக் குளம் இருந்தால், அவற்றின் கட்டு உயரம், கொள்ளளவு, வானின் நிலை எல்லாவற்றையும் கொண்ட பட்டியல் இல்லாமல் உங்கள் வெள்ளக் கணக்கு முழுமையாகாது.

மூன்றாம் படி: மழைப் பதிவுகளைச் சந்தேகத்தோடு அணுகுங்கள்

வேலைக்கு வந்த தொடக்கத்தில் ஒரு பிழை விட்டேன். ஒரு நிலையத்தின் ஆண்டு உச்ச மழைகளைத் தொகுத்தபோது, சில ஆண்டுகளில் நவம்பர், டிசம்பர் பதிவுகள் இல்லாததைக் கவனிக்காமல் மிகுதிப் பத்து மாதங்களில் கூடியதை அந்த ஆண்டின் உச்சமாக எழுதிவிட்டேன். சித்திரை இடிமழையை மாரி உச்சத்தின் இடத்தில் வைத்த கணக்கு அது. சராசரி இறங்கியது, வளைகோடு இறங்கியது, வானின் அகலமும் இறங்கியது. வரைபடம் கையெழுத்தாகுமுன் மூத்த பொறியியலாளர் ஒருவர் பதிவேட்டை விரித்து, “இந்த வருசம் மார்கழி எங்க தம்பி?” என்று கேட்டார். அதிலிருந்து, நவம்பரும் டிசம்பரும் முழுமையாக இல்லாத ஆண்டை நான் தொடரில் சேர்ப்பதேயில்லை.

வடக்கில் இது சிறிய விடயம் இல்லை. போர்க்காலத்தில் பல மழைமானிகளின் பதிவுகள் ஆண்டுக்கணக்கில் அறுந்துபோயின. இடைவெளியைப் பக்கத்து நிலையத்தின் சராசரியால் நிரப்பினால் மாத மொத்தம் சரிவரலாம், உச்சம் மழுங்கிவிடும். உச்ச ஆய்வுக்கு இடைவெளியை இடைவெளியாகவே விடுங்கள்.

இன்னொன்று, மழைமானி காலை 8.30க்கு வாசிக்கப்படுகிறது. இரவில் தொடங்கி மறுநாள் பகல்வரை அடித்த மழையை அந்த நேரம் இரண்டாக வெட்டிவிடும். நாள் பதிவின் உச்சத்தை உண்மையான 24 மணிநேர உச்சமாக்க 1.13ஆல் பெருக்குவது நெடுநாள் வழக்கம்.

பதிவேட்டில் இல்லாததைச் சனத்திடம் கேளுங்கள். 1957, 1964, 2018 என்று ஆண்டைச் சொன்னால் “இந்த வைரவர் கோயில் படி மட்டும் வந்தது” என்று காட்டுவார்கள். 1964 டிசம்பர் 22இல் வடக்கைக் குறுக்கறுத்துப் போன புயல்தான் அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. அதைக் கண்டவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள், பிந்தவேண்டாம். அடையாளத்தை மட்டக்கருவியால் அளந்து, ஆற்றின் குறுக்கு வெட்டையும் சரிவையும் எடுத்தால், மானிங் சமன்பாட்டில் அந்த வெள்ளத்தின் பாய்ச்சலைத் திருப்பிக் கணிக்கலாம். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே அடையாளத்தைக் காட்டினால் அதை நம்பலாம்.

நான்காம் படி: வளைகோடு எங்கே கைவிடுகிறது

ஆண்டு உச்ச மழைகளைக் கம்பல் பரம்பலில், அதாவது உச்ச அளவுகளின் வாய்ப்பைக் கணிக்கும் கோட்டில், பொருத்துவது எல்லோரும் படித்தது. கணக்குக்காக, ஒரு நிலையத்தில் சராசரி 130 மில்லிமீற்றர், நியம விலகல் 60 என்று வைப்போம். 100 ஆண்டுக்கு 318 மில்லிமீற்றர், 1,000 ஆண்டுக்கு 426, 10,000 ஆண்டுக்கு 534 என்று வரும். அறிக்கையில் அழகாக இருக்கும் எண்கள்.

இப்போது நெடுங்கேணியின் 800ஐ அதே கோட்டில் வையுங்கள். ஏறத்தாழ 30 இலட்சம் ஆண்டுக்கு ஒருமுறை என்று விடை வரும். மழை அளக்கத் தொடங்கிய சில பத்தாண்டுகளுக்குள்ளேயே நடந்த ஒன்றை 30 இலட்சம் ஆண்டுக்கு ஒருமுறை என்கிற கோடு இந்த நிலத்தின் கோடு இல்லை.

காரணம் விளங்கக்கூடியது. வன்னியின் ஆண்டு உச்ச மழைகள் ஒரே இனத்தவை அல்ல. பெரும்பாலான ஆண்டுகளில் வடகீழ்ப் பருவமழை தரும் சாதாரண நாள் உச்சம்தான் பதிவாகும். சில ஆண்டுகளில் மட்டும் வங்காள விரிகுடாத் தாழமுக்கமோ புயலோ எங்கள் மேல் வந்து நின்று பெய்யும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 390 மில்லிமீற்றர் அளவில் பெய்தது அந்த வகை. சாதாரண ஆண்டுகளை வைத்துப் பொருத்திய கோடு அபூர்வ ஆண்டுகளின் நிறையைத் தாங்காது.

ஆகவே மூன்று வேலை செய்யுங்கள். கம்பலோடு நிற்காமல், வால் தடித்த, அதாவது அபூர்வமான பெரிய அளவுகளுக்குக் கூடுதல் வாய்ப்புத் தரும், பொது உச்சப் பரம்பலையும் பொருத்துங்கள். புயல் ஆண்டுகளையும் மற்ற ஆண்டுகளையும் பிரித்து இரு தொடராக ஆய்ந்து, பின் சேருங்கள். தனி நிலையத்தை விட்டு வவுனியா, முல்லைத்தீவு, மன்னார், கிளிநொச்சி நிலையங்களை ஒரு பிரதேசமாகத் திரட்டுங்கள். ஆனால் இருபது நிலையம், ஐம்பது ஆண்டு, ஆகவே ஆயிரம் ஆண்டுப் பதிவு என்று பெருக்கிவிடாதீர்கள். ஒரு புயல் இருபதையும் ஒன்றாக நனைக்கும். நூறு ஆண்டைத் தாண்டிய எந்த எண்ணுக்கும் நம்பிக்கை எல்லையின் மேல், கீழ் வரம்புகளைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஐந்தாம் படி: அதிகபட்ச சாத்திய மழை

கீழே ஊர் இருக்கும் அணைக்கு நிகழ்தகவுக் கோடு போதாது. இந்த இடத்தில் இந்தக் காலத்தில் வளிமண்டலம் அதிகம் எவ்வளவு தரமுடியும் என்று கேட்க வேண்டும்.

விரைவான வழி ஹெர்ஷ்ஃபீல்டுடையது. சராசரியோடு நியம விலகலின் கே மடங்கைக் கூட்டுவது. அவர் முதலில் கேயை 15 என்றார். பின்னர் அது மழையின் காலத்தோடும் சராசரியோடும் 5இலிருந்து 20வரை மாறும் என்று திருத்தினார். மேலே எடுத்த எண்களில் கே 15 என்றால் 1,030 மில்லிமீற்றர். நெடுங்கேணி மழைக்கு அதே எண்களில் கே 11க்குச் சற்று மேல். அதாவது 15 என்பது பயமுறுத்தும் கற்பனை இல்லை. நாங்கள் ஏற்கனவே அதன் முக்கால் தூரம் போய் வந்திருக்கிறோம். ஒரு கவனம்: ஒரு நிலையத்தின் கேயைக் காணும்போது அந்த உச்ச மழையை நீக்கிவிட்டே சராசரியையும் விலகலையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தன்னைத்தானே சிறிதாக்கிவிடும்.

பெரிய வேலைக்கு இரண்டாவது வழி: நடந்த பெரும் புயல்மழைகளை எடுத்து, அப்போதைய ஈரப்பதத்துக்கும் அந்தப் பருவத்தில் இருக்கக்கூடிய உச்ச ஈரப்பதத்துக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கி, உங்கள் நீரேந்துப் பரப்பின் மேல் இடம்மாற்றி வைப்பது. மலைநாட்டில் இடம்மாற்றுவது சிக்கல், மலைச்சரிவே மழையை உண்டாக்குகிறது. வன்னியில் மலை குறுக்கே இல்லை. நெடுங்கேணியில் பெய்தது கனகராயன்குளத்திலும் மடுவிலும் பெய்திருக்கலாம் என்பதை மறுக்க நிலவமைப்புக் காரணம் எதையும் நான் காணவில்லை. “அது அங்கே பெய்தது, எங்கள் நீரேந்தில் இல்லை” என்ற வாதத்தை ஏற்காதீர்கள்.

ஒரு புள்ளியில் பெய்தது முழுப் பரப்பிலும் பெய்யாது, ஆகவே பரப்புக் குறைப்புக் காரணியைப் பயன்படுத்துங்கள். அதை வேறு நாட்டு அட்டவணையிலிருந்து அப்படியே எடுக்காமல், எங்கள் நிலையங்களில் ஒரே நாளில் பதிவானவற்றை ஒப்பிட்டு எடுங்கள். வளி ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதால், இன்று திட்டமிடும் அணைக்கு அந்தக் கூட்டலையும் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஆறாம் படி: மழையை ஓட்டமாக்குதல்

இதில் பலர் தேவைக்கு மேல் நேரம் செலவழிக்கிறார்கள். மழையில் எவ்வளவு மண்ணில் இறங்காமல் ஓடும் என்று காட்டும் வளைகோட்டு எண் 75ஆ 88ஆ என்று நாட்கணக்கில் விவாதம் நடக்கும். போட்டுப் பாருங்கள். 100 மில்லிமீற்றர் மழையில் 75க்கு 41 மில்லிமீற்றர் ஓடும், 88க்கு 68. பெரிய வித்தியாசம்தான். 500 மில்லிமீற்றர் மழையில் 411, 461. பெருமழையில் மண்ணின் பங்கு சுருங்கிவிடுகிறது. மார்கழி மண் நனைந்தே இருக்கும் என்று எடுத்து, உயர்ந்த எண்ணைப் போட்டுவிட்டு, மிச்ச நேரத்தை மழைக்குச் செலவிடுங்கள்.

மணிக்கணக்கில் மழையை எப்படி அடுக்குகிறீர்கள் என்பது கூடுதல் முக்கியம். தாழமுக்க மழை இரண்டு மூன்று நாள் நீடிக்கும். முதல் நாள் மழை குளத்தையும் மேலேயுள்ள குளத்தொடரையும் நிரப்ப, உச்சம் கடைசி மூன்றிலொரு பங்கில் விழும்படி அடுக்குங்கள். பிறகு அலகு நீர்வரைபு, அதாவது ஓடிவரும் ஓர் அலகு நீர் மணிக்கு மணி எப்படி வந்துசேரும் என்று காட்டும் கோடு. அளந்த வெள்ளம் இருந்தால் அதிலிருந்து எடுங்கள், இல்லாவிட்டால் ஸ்னைடர் முறை. சாதாரண வெள்ளத்திலிருந்து எடுத்த அலகு வரைபு பெருவெள்ளத்துக்கு மந்தமாக இருக்கும், ஆழமான நீர் வேகமாக ஓடும். உச்சத்தை 5 முதல் 20 வீதம் வரை உயர்த்தி, தாமத நேரத்தைக் குறைத்தும் பாருங்கள். இரண்டாம் படியில் கண்ட குளவுடைப்பு அலைகளை இதன் மேல் சேருங்கள்.

வந்த உச்சத்தை வேறொரு வழியிலும் ஒப்பிடுங்கள். உலகின் பெருவெள்ளப் பதிவுகளை நீரேந்துப் பரப்போடு ஒப்பிடும் ஃபிராங்கூ–ரோடியே சமன்பாட்டில் 588 சதுர கிலோமீற்றருக்குச் சுட்டி 4 என்றால் விநாடிக்கு 727 கனமீற்றர், 5 என்றால் ஏறத்தாழ 2,400. உங்கள் அதிகபட்ச சாத்திய வெள்ளம் 4க்கும் கீழே விழுந்தால் எங்கோ பிழை இருக்கிறது, திரும்பிப் போங்கள்.

ஏழாம் படி: நிரம்பிய குளத்தினூடாக வெள்ளத்தைக் கடத்துதல்

தொடக்க நீர்மட்டம் முழுக் கொள்ளளவு மட்டம். மின்நிலையம் நின்றுவிட்டது, விசையாழிக்குள்ளால் ஒரு துளியும் போகவில்லை. துருசு (வயலுக்கு நீர் விடும் மதகு) மூடியிருக்கிறது. வான்கதவுகளில் ஒன்று இறுகிவிட்டது. இந்த நான்கையும் வைத்துத் தொடங்குங்கள். அளவுக்கு மீறிய எச்சரிக்கை என்று யாராவது சொன்னால், 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மச்சு அணைக்கு நடந்ததைச் சொல்லுங்கள். வடிவமைத்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் வெள்ளம் வந்தது, எல்லாக் கதவையும் திறக்க முடியவில்லை, மண்கட்டின் மேலால் நீர் பாய்ந்து கட்டுப் போனது, கீழே மோர்பி நகரம்.

ஒவ்வொரு மணிக்கும்: வந்தது கழித்தல் போனது, மிச்சம் குளத்தில். குளத்தின் நீர்ப்பரப்பு 15 சதுர கிலோமீற்றர் என்றால், விநாடிக்கு 1,000 கனமீற்றர் ஒரு மணிநேரம் வந்தால், ஒன்றும் வெளியேறாவிட்டால், மட்டம் 24 சென்ரிமீற்றர் உயரும். 60 மீற்றர் நீள வானின் மேல் 2 மீற்றர் நீர் பாய்ந்தால், குணகம் 2 என்று எடுத்தால், விநாடிக்கு 339 கனமீற்றர் போகும். 3 மீற்றர் என்றால் 623. நீரின் உயரம் ஒன்றரை மடங்கானால் பாய்ச்சல் ஏறத்தாழ 1.8 மடங்கு. கதவுள்ள வானுக்கு இந்தத் தன்னியக்கம் இல்லை, ஆள் திறந்தால்தான் திறக்கும். 2018 டிசம்பர் 21 இரவு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் ஏறியபின், இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்ட நேரம் பற்றிப் பெரிய விவாதம் எழுந்தது. அந்த நிலைக்கு ஒரு வான்காவலாளரைத் தள்ளாதீர்கள். இடம் இருந்தால், கதவில்லாத அகலமான வானொன்றை அவசரத்துக்காவது சேர்த்துக் கட்டுங்கள்.

கிடைக்கும் உச்ச நீர்மட்டத்துக்கு மேல் காற்றலைக்கும் கட்டு காலப்போக்கில் அமிழ்வதற்குமான காப்புயரத்தை விடுங்கள். புயல் நாளில் மழையும் காற்றும் ஒன்றாகவே வரும். மண்கட்டு மேலால் பாயும் நீரை நெடுநேரம் தாங்காது.

எட்டாம் படி: வான் பாய்ந்த நீர் எங்கே போகிறது

இரணைமடு நீர் கனகராயன் ஆற்றால் சுண்டிக்குளம் களப்புக்குப் போகிறது. களப்பு வாய் மணலால் அடைபட்டிருந்தால், கடல் மட்டம் புயலால் ஏறியிருந்தால், நீர் பின்னுக்குத் தேங்கும். ஆகவே கீழ்ப்பக்க வெள்ளப் படத்தை வரையும்போது களப்பை வெறும் வடிகாலாக எடுக்காமல், உயர்ந்த மட்டத்தோடு ஒருமுறை ஓட்டுங்கள். கட்டு உடைந்தால், உடையாமல் வான் முழுதும் பாய்ந்தால் என்று இரு படம் வேண்டும். நீர் எந்தெந்தக் கிராமத்துக்கு எத்தனை மணிநேரத்தில் போகும் என்பதைக் கிராம அலுவலர் பிரிவு வாரியாக எழுதுங்கள்.

கடைசியாக, அறிக்கையின் பின்னிணைப்பில் ஒரேயொரு பக்கத்தைத் தனியாக அச்சிட்டு மட்டை போட்டு வான்காவலாளர் கொட்டிலில் மாட்டுங்கள்: நீர்மட்டம் இவ்வளவு, கடந்த மணிநேரத்தில் ஏற்றம் இவ்வளவு என்றால் எத்தனை கதவு, எவ்வளவு உயரம், யாருக்கு முதலில் தொலைபேசி. எழுத்து பெரிதாக இருக்கட்டும். இரவில், மின்சாரம் போன நேரத்தில், டோர்ச் வெளிச்சத்தில் வாசிக்க வேண்டிய பக்கம் அது.